அவுக

அந்த ஆவணி மாதத்தில் மீனாள் டீச்சருக்கு யார்மேல் கோபம் என்று கேட்டிருந்தால், மனிதர் ஒருவரையும் சொல்லியிருக்க மாட்டாள். ‘தே’ என்ற இங்கிலீஷ் வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

கண்டனூருக்கும் பள்ளத்தூருக்கும் நடுவே ஒரு செம்மண் பொட்டலில் இருந்தது அந்த உயர்நிலைப் பள்ளிக்கூடம். அவள் அங்கே எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தாள். இந்திப் பாடம் நின்ற மறு வருஷம். கோடை விடுமுறையில் மதுரையில் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வாத்தியார் பேச்சு குறைய வேண்டும், பிள்ளைகள் பேச்சு கூட வேண்டும் என்று அங்கே வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். புத்தகத்து ராமன் பூங்காவுக்குப் போனதை ஒப்பிப்பதை விட்டுவிட்டு, பிள்ளை தன் வீட்டையும் தன் தெருவையும் தான் தின்றதையும் தன் வாயால் சொல்லிப் பழக வேண்டுமாம். மீனாளுக்கு அது மனசில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவளும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான். படித்த காலத்தில் பனி பெய்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். மழை பெய்யாமல் கண்மாய் வெடித்துக் கிடப்பதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் தெரிந்ததில்லை.

மதுரையில் காற்றோட்டமான பெரிய கூடத்தில், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டபோது எல்லாம் எளிதாக இருந்தது. இங்கே ஐம்பது பிள்ளைகள். ஒருத்தன் எழுந்தால் பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் எழ வேண்டும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் பேசினார்கள், மற்றவர்கள் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பெஞ்சில் பேச்சு நடந்தது, ஆனால் அது இங்கிலீஷ் இல்லை. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் தட்டியைத் தட்டித் தட்டிக் கை சலித்துப்போனார். பிள்ளைகளே, “டீச்சர், நோட்ஸ் குடுத்துருங்க, மனப்பாடம் பண்ணிர்றோம்” என்று கெஞ்சினார்கள். ஊருக்குள்ளும் பேச்சாகிவிட்டது. “டீச்சர் சும்மா நிக்கிறாகளாம், பிள்ளைகதேன் பேசுதாம். அப்ப சம்பளத்தப் பிள்ளைகளுக்குல்ல குடுக்கணும்” என்று ஊருணிக்கரையில் யாரோ சொன்னது அவள் காதுக்கே வந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்த ‘தே’ வந்து சேர்ந்தது. “உங்க அப்பா என்ன செய்றாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றாள். சின்னக்கருப்பன் எழுந்து, “மை ஃபாதர் ஆர் ஃபார்மர். தே ஆர் கோயிங் டு ஃபீல்ட்” என்றான்.

“உங்க அப்பா ஒருத்தர்தானடா. ஒருத்தர்னா ஹீ. தேன்னா பல பேரு.”

“ஹீன்னா அவன்னு அர்த்தம் டீச்சர்.”

“அவன்தான், அவருந்தான். இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணு.”

சின்னக்கருப்பன் யோசித்தான். “எங்க அப்பாவ வீட்டுல அவுகன்னுதேன் சொல்லுவோம். அவன்னு சொன்னேன்னு வைங்க, மாட்டுக் கயித்த எடுத்துருவாக.”

“வெள்ளைக்காரங்க ஊர்ல ராஜாவையே ஹீன்னுதாண்டா சொல்றாங்க.”

“ராசாகிட்ட மாட்டுக் கயிறு இருக்காது டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. மீனாளும் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்து எழுந்தவனும் ‘தே’, அவனுக்கு அடுத்தவளும் ‘தே’. அப்பாவை ஒருமையில் சொல்ல ஒரு வாய்க்கும் துணிச்சல் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் மீனாள் வரிசையாக வெட்டிக்கொண்டே போனாள். தே இல்லை, ஹீ. ஆர் இல்லை, இஸ். நாலாம் நாள் அவள் காது பிள்ளை சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு வார்த்தை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சொக்கு எழுந்தான்.

சொக்கு அவளுக்குப் புதியவன் இல்லை. அவள் குடியிருந்ததே அவன் வீட்டுப் பின்கட்டில்தான். அந்த வீட்டு முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். வீட்டுக்காரர் இராமநாதன் செட்டியார் கடல் கடந்து ஈப்போவில் கடை வைத்திருந்தார். அத்தனை பெரிய வீட்டில் அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சியும் வேலைக்கு இருந்த கருப்பியும் மட்டுமே இருந்தார்கள். பின்கட்டில் விளக்கு எரியட்டுமே என்று ஆச்சி அதை மீனாளுக்கும் அவள் புருஷன் தங்கச்சாமிக்கும் வாடகைக்கு விட்டிருந்தாள். தங்கச்சாமி காரைக்குடி பஸ்ஸில் கண்டக்டர்.

ஆச்சிக்குப் பிள்ளை இல்லை. போன தை மாதம் அரியக்குடியில் பங்காளி வீட்டு மூன்றாவது மகனைச் சுவீகாரம் எடுத்தார்கள். பிள்ளை கூட்டுவது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அப்படிக் கூட்டி வந்த பிள்ளைதான் சொக்கு. செட்டியார் சடங்கு முடிந்து இரண்டு மாதம் கூட இருந்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். ஆச்சியை ‘ஆத்தா’ என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். சொக்கு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று லேசாக இருமுவான். ஆச்சி திரும்புவாள்.

இதெல்லாம் மீனாளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவன் எழுந்து, “மை ஃபாதர் ஆர் இன் ஈப்போ அண்ட் அரியக்குடி. தே ஆர் குட்” என்றபோது, அவள் காதில் விழுந்தது ‘தே’ மட்டும்தான்.

“தே இல்ல, ஹீ. ஆர் இல்ல, இஸ். ஒருத்தர் எப்படிடா ரெண்டு ஊர்ல இருப்பார்? ஒரு ஊரச் சொல்லு.”

சொக்கு மேஜையைப் பார்த்தான். “எந்த ஊரை டீச்சர்?”

“உங்க அப்பா இருக்கிற ஊரைத்தான்.”

பிறகு மெதுவாக, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னான். “மை ஃபாதர் இஸ் இன் அரியக்குடி. ஹீ இஸ் குட்.”

“வெரி குட். அடுத்தாள்.”

வகுப்பு முடியும்போது, சொன்ன வாக்கியத்தை வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகி வர வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் மீனாள் பின்கட்டில் அரிவாள்மணையை வைத்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். புழுக்கம் தாங்கவில்லை. வானத்தில் மேகம் வந்து கூடுவதும் கலைவதுமாக இருந்தது. நடுவாசல் வழியாக முன்கட்டுச் சத்தமெல்லாம் கேட்கும். ஆச்சி ஆட்டுரலில் பணியாரத்துக்கு மாவாட்டும் சத்தம். கருப்பி அவளோடு ஏதோ பேசும் சத்தம். முற்றத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு சொக்கு பாடம் சொல்லும் சத்தம்.

“மை ஃபாதர் இஸ் இன் அரியக்குடி. ஹீ இஸ் குட். மை ஃபாதர் இஸ் இன் அரியக்குடி.”

ஆட்டுரல் நின்றது.

மீனாளின் கையும் நின்றது. காலையில் தன் வாயால் சொன்ன ‘வெரி குட்’ அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுவதற்குள் ஆச்சி நடுவாசலுக்கு வந்துவிட்டாள். நல்ல உயரம். வெள்ளைக்கல் தோடு. கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைக்கவில்லை.

“டீச்சர், வேலையா இருக்கீகளா?”

“இல்ல ஆச்சி. வாங்க, உக்காருங்க.”

ஆச்சி உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவன் ஒண்ணச் சொல்லிக்கிட்டுத் திரியிறான். பாடமாம்ல?”

“ஆமா ஆச்சி.”

“நான் ஈப்போவுல ரெண்டு வருசம் இருந்தவ. கடைத்தெரு இங்கிலீஷ் கொஞ்சம் காதுல விழுந்துருக்கு. ஃபாதர்னா அப்பச்சி. ஹீன்னா ஒரு ஆளு. அரியக்குடிக்கு இங்கிலீஷ்ல வேற பேரு இருக்கா டீச்சர்?”

“ஆச்சி, அவன் மொதல்ல ரெண்டு ஊரையும் சேத்துத்தான் சொன்னான். நாந்தான் புரிஞ்சுக்காம, ஒரு ஊரச் சொல்லுன்னு…”

“ஒரு ஊரச் சொல்லுன்னீக. சொன்னான். மனசுல எது மேலாக்க இருக்கோ அதத்தான பிள்ள சொல்லும். அதுல அவன் மேல என்ன கோவம்? அவுக இங்க இருந்ததே ரெண்டு மாசம். கடுதாசியில கையெழுத்துப் போடுற மனுசர அப்பச்சின்னு சொல்லச் சொன்னா அவன்தேன் என்ன செய்வான்.” ஆச்சி மாவை நகத்தால் சுரண்டினாள். “அடுத்தது என்ன பாடம்?”

மீனாள் குனிந்து வெங்காயத் தோலைக் கூட்டினாள்.

“சொல்லுங்க டீச்சர்.”

“அம்மா பாடம் ஆச்சி. மை மதர்.”

“நெனச்சேன்.” ஆச்சி குரலை உயர்த்தவில்லை. “அத எடுக்காதீக. மாடு இருக்கு, கன்னு இருக்கு, ரயிலு இருக்கு. என்னத்தையாச்சும் எடுங்க. ஆத்தா எந்த ஊருன்னு நீங்க கேட்டு, அவன் அரியக்குடின்னு சொல்லி, நீங்க வெரி குட்டுன்னு சொல்லி, அத அவன் சாயங்காலம் இந்தத் தூணச் சுத்திச் சொல்லிக்கிட்டே நடந்தான்னா, என்னால கேட்டுக்கிட்டு மாவாட்ட முடியாது.”

“ஆச்சி…”

“எடுத்துத்தேன் ஆகணும்னா முன்னாடியே சொல்லிருங்க. கால் பரிச்ச முடிஞ்சதும் மெட்ராஸ்ல எங்க அண்ணன்கிட்டச் சொல்லி ஹாஸ்டல்ல சேத்துர்றேன். தூரத்துல இருந்தா, அவன் என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காதுல்ல.”

அவள் போன பிறகு ஆட்டுரல் சத்தம் திரும்பக் கேட்டது. சொக்குவின் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மீனாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, கருப்பி மேலறையிலிருந்து ஒரு பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கி, முற்றத்து வெயிலில் திறந்து வைத்திருந்தாள்.

தலைமையாசிரியர் மெய்யநாதன் நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் மூக்குப்பொடி போடுவார். அன்று மீனாளைக் கூப்பிட்டனுப்பி, இரண்டு தரம் பொடி போட்டார்.

“நாச்சியம்மை ஆச்சி ஆள் விட்டுருந்தாக. டி.சி. வாங்க என்ன செய்யணும்னு கேட்டாக. நல்லாப் படிக்கிற பிள்ளை, என்னம்மா நடந்துச்சு?”

மீனாள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார்.

“பிள்ளைக வாயத் தொறந்தா வீடு தொறந்துக்கிரும் டீச்சர். அதுக்குத்தேன் நாங்க காலம் பூராப் புத்தகத்துல இருக்கிற ராமன் வீட்டப் பத்தியே கேட்டுக்கிட்டு இருக்கோம். அந்த வீட்டுல அம்மா அடுப்படியில இருப்பா, அப்பா பேப்பர் படிப்பாரு. அங்க குடிக்கிறவன் கெடையாது, விட்டுட்டுப் போனவன் கெடையாது. ஒரு வம்பும் வராது.”

“ஆனா அந்த வீட்டப் பத்திப் பேசுறப்போ ஒரு பிள்ளையும் நிமிந்து பாக்கலையே சார்.”

“பாக்காட்டிப் போகுது. பரிச்சைத் தாள்ல அதத்தான கேக்குறான்? உங்க மதுரைப் பயிற்சியக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைங்க. ரயில் பாடம் எடுங்க.”

மீனாளும் அப்படியே முடிவு செய்தாள். ஒரு பாடத்தில் என்ன வந்துவிடப் போகிறது? வகுப்பில் போய், “அடுத்த வாரம் ரயில் பாடம்” என்றாள்.

யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சத்தம் வந்தது. பொன்னழகு எழுந்து நின்றாள். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பெண். கேள்வி கேட்டால் தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள், மணி அடிக்கும்வரை சுற்றுவாள். இப்போதும் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“அப்பாவுக்கு அடுத்தது ஆத்தா பாடம் இல்லயா டீச்சர்?”

“இப்ப வேணாம்னு…”

“நான் சொல்லிப் பாத்து வச்சுருக்கேன் டீச்சர். எங்க ஆத்தா கடலை பிடுங்கப் போறத. பிடுங்குறதுக்கு இங்கிலீஷ் தெரியாம கணக்கு சார்ட்டக் கேட்டேன்.”

கணக்கு வாத்தியாரிடம் போய்ப் பொன்னழகு பேசியிருக்கிறாள். மீனாள் அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் வாய் திறப்பதற்காக மூன்று மாதமாகத் தவம் கிடந்தவள் அவள். திறந்த வாயை மூடு என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது பெஞ்சில் சொக்கு தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

இராத்திரிச் சாப்பாட்டில் தங்கச்சாமி நிலைமையைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். “நல்லா மாட்டுன போ. ஒரு பிள்ள பேசணும்னா இன்னொரு பிள்ள ஊர விட்டுப் போகணும்.”

“சிரிக்காதீக. எனக்கு ஒரு வழியும் தெரியல.”

“சிரிக்கல. அந்த ஆச்சியப் பாத்துருக்கியா? மாசத்துக்கு ஒரு தடவ அவன அரியக்குடிக்கு ஏத்திவிட வருவாக. நான் விசில் அடிச்சு, வண்டி ரோட்டு வளைவுல திரும்புற வரைக்கும் நிக்கிறாக. மறுநாத்தேன் வரப்போறான், சிங்கப்பூருக்கா போறான்? ஆனாலும் நிக்கிறாக.” மோரை ஊற்றிக்கொண்டான். “பாடத்த எடுக்குறதும் விடுறதும் உம் பாடு. ஆனா ஒண்ணு. ஆச்சியும் பேசியாச்சு, பெரிய சாரும் பேசியாச்சு, நீயும் நானும் பேசியாச்சு. அந்தப் பயகிட்ட யாராச்சும் கேட்டீகளா?”

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் அவனே வந்தான். மறுநாள் காலை, பின்வாசல் பக்கம் இருமல் சத்தம்.

“என்ன சொக்கு?”

“ஆத்தா பாடம் அன்னைக்கு நான் லீவு போட்டுக்கிறட்டுமா டீச்சர்? காய்ச்சல்னு சொல்லிர்றேன். பொன்னழகு சொல்லட்டும். பாவம், படிச்சு வச்சுருக்கு.”

பதின்மூன்று வயதுப் பையன். எல்லாரையும் விட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான், அதில் அவனுக்கு மட்டும் இடம் இல்லை.

“உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லயா?”

“இருக்கு டீச்சர்.” தரையைப் பார்த்தான். “ஆனா ஒரு ஊரச் சொல்லச் சொல்லுவீகள்ல.”

“சொல்ல மாட்டேன். ஊரே கேக்க மாட்டேன். ஹீயோ ஷீயோ தேயோ, உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு. நான் தொட மாட்டேன்.”

“தப்பா இருந்தாலும்?”

“தப்பா இருந்தாலும்.”

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. போய்விட்டான். மீனாள் நடுவாசலைத் தாண்டி முன்கட்டுக்குப் போனாள். ஆச்சி சுளகில் மிளகாய் வற்றலைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பச்சைப் பெட்டி.

“ஆச்சி, அந்தப் பாடத்த எடுக்கத்தான் போறேன்.”

ஆச்சியின் கை நிற்கவில்லை. “சொல்லிட்டீகள்ல. சரி.”

“பேசாத பிள்ளை ஒண்ணு பேச வந்துருக்கு ஆச்சி. அது வாய அடைக்க எனக்கு மனசு வரல. சொக்குவ நான் எந்த ஊருன்னும் கேக்க மாட்டேன்.”

“நீங்க கேக்காட்டி என்ன, அவனுக்கு ஒரு ஊரு தெரியாமயா இருக்கு?” ஒரு மிளகாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுளகில் போட்டாள். “கருப்பி, அந்தப் பெட்டிக்குள்ள வேப்பிலை போடு. பூச்சி வாட அடிக்குது.”

பாடம் நடந்த அன்று காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் பின்பக்கமாக வந்து சுவரோரம் நின்றார். ரயில் பாடம் நடக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். பொடி டப்பாவை எடுத்தார், ஆனால் திறக்கவில்லை.

பொன்னழகு எழுந்தாள். தாவணியைச் சுற்றினாள், சுற்றிய விரலை விடுவித்தாள். “மை மதர் கோஸ் டு ஃபீல்ட். ஷீ புல்ஸ் கிரவுண்ட்நட். ஹெர் ஹேண்ட் இஸ் ரெட்.” மண் கையா, தோல் உரிந்த கையா, எதனால் சிவப்பு என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. அதற்குப் பிறகு எழுந்தவர்கள் அம்மாவைத் தைரியமாக ‘ஷீ’ என்றார்கள். அம்மாவிடம் மாட்டுக் கயிறு பயம் அவ்வளவாக இல்லை.

சொக்கு காய்ச்சல் என்று சொல்லவில்லை, வந்திருந்தான். அவன் முறை வந்தபோது மீனாள் கேள்வியே கேட்கவில்லை. அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

“தே கெட் அப் ஏர்லி,” என்று தொடங்கினான்.

சின்னக்கருப்பன் அரைச்சிரிப்போடு டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வெட்டவில்லை.

“தே ட்ரா வாட்டர் ஃப்ரம் தி வெல். தே பீட் மீ. தே மேக் காஃபி. தே டோண்ட் டிரிங்க். தே வெயிட் ஃபார் மீ.” மூச்சு வாங்கிக்கொண்டான். “ஐ கோ டு பஸ். தே ஸ்டாண்ட். தி பஸ் கோஸ். தே ஸ்டாண்ட்.”

உட்கார்ந்துவிட்டான்.

பின்சுவர் ஓரத்திலிருந்து தலைமையாசிரியர் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு அம்மாதானே, ஷீ என்று திருத்துங்கள் என்று அர்த்தம். மீனாள் அந்த விரலைப் பார்த்தாள். அவன் சொன்ன ‘தே’ மரியாதைக்காகச் சொன்ன ஒருத்தியா, எண்ணிச் சொன்ன இரண்டு பேரா என்று அவளுக்கே தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

“தேங்க் யூ சொக்கு,” என்றாள். “அடுத்தாள்.”

தலைமையாசிரியர் வகுப்பு முடியும்வரை நின்றார். வெளியே போகும்போது, “அந்தப் பையன் இலக்கணம் பூராத் தப்பு டீச்சர்” என்றார். ரெண்டு எட்டு வைத்து நின்றார். “எங்கள யாரும் இப்படிச் சொல்லச் சொன்னதில்ல” என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி.

சாயங்காலம் மழை வந்தது. ஓட்டுச் சரிவெல்லாம் முற்றத்தில் கொட்ட, கருப்பி தவலையையும் அண்டாவையும் இழுத்துப் போட்டுத் தண்ணீர் பிடித்தாள். அன்று சொக்கு தூணைச் சுற்றவில்லை. மேலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மீனாளே முன்கட்டுக்குப் போனாள். ஆச்சி பணியாரச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனவளுக்கு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“ஆச்சு போல பாடம்.”

“ஆச்சு ஆச்சி.”

“எனக்குச் சொல்ல வேணாம்.” எண்ணெயில் மாவை ஊற்றினாள். அது உப்பி, ஓரம் வெள்ளையாகச் சுற்றி வந்தது. திருப்பிப் போட்டாள். எடுத்து வடியவிட்டாள். “சரி, சொல்லுங்க. அவன் சொன்னபடியே சொல்லணும். எனக்காக மாத்தக் கூடாது.”

மீனாள் மாற்றவில்லை. தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“அவுக வெள்ளன எந்திரிக்கிறாக.”

“எவுக?”

“அவன் சொல்லல ஆச்சி. நானும் கேக்கல. அவுக கெணத்துல தண்ணி எறைக்கிறாக.”

ஆச்சி கரண்டியைப் பார்த்தாள். “இங்க கருப்பியில்ல எறைக்கிறா. அது அங்க.”

“அவுக என்னய அடிக்கிறாக.”

“நான் ஒரு நாளும் கை வச்சதில்ல.” பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள். “அடிக்கிற பாத்தியதையும் அங்கதேன் இருக்கு. சொல்லுங்க.”

“அவுக காப்பி போடுறாக. குடிக்க மாட்டாக. எனக்காகக் காத்துருக்காக.”

கரண்டி நின்றது. அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கருப்பி அங்கிருந்தே, “அது நம்ம வீட்டுக் காப்பி ஆச்சி. நாந்தேன் தெனம் சொல்றேனே, ஆறிப்போகுது, குடிங்கன்னு” என்றாள்.

“நீ தண்ணியப் பாரு கழுத,” என்றாள் ஆச்சி. குரல் வேறு மாதிரி இருந்தது. “அவன் தூங்கி எந்திரிச்சு வாரதுக்குள்ள நான் குடிக்கிறேனா இல்லயான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்த கேட்டதில்லயே.”

“பாத்துருக்கான் ஆச்சி.”

“இன்னும் இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. நான் பஸ்ஸுக்குப் போறேன். அவுக நிக்கிறாக. பஸ் போகுது. அவுக நிக்கிறாக.”

சட்டியில் இருந்த பணியாரம் கருகத் தொடங்கியது. ஆச்சி அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்குட்டுப் போறப்ப நான் நிப்பேன்,” என்றாள் கடைசியில். “இங்குட்டு வாரப்ப அவ நிப்பா. பெத்தவ நிக்காம இருப்பாளா? இத மட்டும் இன்னாருக்குன்னு பிரிக்க முடியல டீச்சர்.”

மச்சுப்படியில் காலடி கேட்டது. சொக்கு இறங்கி வந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்று லேசாக இருமினான்.

“இந்தா வாரேன்ப்பா, சூடா எடுத்தாறேன்,” என்று ஆச்சி சொன்னாள். தட்டில் பணியாரத்தை வைத்து, மிளகாய்த் துவையலை ஓரத்தில் வைத்தாள். “கருப்பி, மழை வெறிச்சதும் அந்தப் பெட்டிய மேல ஏத்திரு. நடுவழியில கெடந்து எல்லாரு காலையும் இடிக்குது.” எழுந்தவள் திரும்பவும் மீனாள் பக்கம் குனிந்தாள்.

“அந்த இங்கிலீஷ் வார்த்த என்ன டீச்சர்? அவுகங்கிறதுக்கு?”

“தே, ஆச்சி.”

“தே.” ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தட்டை ஏந்திக்கொண்டு இரண்டாம் தரமும் சொன்னாள். “நல்ல வார்த்தையாத்தான இருக்கு. இதயா தப்பு, தப்புன்னு ஒரு வாரமா வெட்டுனீக?”